பழைய வண்டியின் பின்னச்சு

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகருக்கு அணித்தாயுள்ள ஆபிங்டன் என்னும் ஊரில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்டது எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் கார். ஐந்து இலக்கத்திற்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. அத்தொழிற்சாலை 1980-ஆம் ஆண்டில் மூடப்பட்டதாயினும், அவ்வண்டிகளுட் பல இன்றும் ஓடுகின்றன. அவற்றைப் பேணுவோரிற் பலர் தம் கையாலேயே பழுது பார்க்கின்றனர். அங்ஙனம் செய்யப்படும் வேலைகளுள் ஒன்று, பின்னச்சின் பேரிங்கையும் ஆயில் சீலையும் மாற்றுதல். செய்முறை அத்துணைக் கடினமன்று. ஆயினும் அரிதின் முயன்று புதிய சீல் இட்டவர், சில திங்களிலேயே பழைய இடத்தில் பழைய கசிவைக் கண்டு மனந் தளர்வதுண்டு. அஃது ஏன் என்பதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பின்னச்சென்பது நடுவே பற்சக்கரப் பெட்டியும், இருபுறமும் நீண்ட இரும்புக் குழலும் உடையது. அப்பெட்டியினின்று பக்கத்திற்கொன்றாக இரண்டு எஃகுத் தண்டுகள் குழலினூடே சென்று சக்கரங்களைச் சுழற்றும். அவற்றை அரையச்சுகள் என்போம். 1967-க்கு முற்பட்ட திறந்த வண்டிகளில் பேரிங் குழலின் வெளிப்புறத்தே அமர்ந்து வண்டியின் பாரத்தைக் குழலின்மீது சுமத்தும். 1965-இல் வந்த ஜி.டி. வகையிலும், 1967 முதல் திறந்த வண்டியிலும் அமைந்த அச்சோ வேறு. அதில் பேரிங் குழலின் வாய்க்குள்ளே இருத்தலால், அரையச்சு சுழற்சியோடு பாரத்தையுஞ் சேர்த்தே தாங்குகின்றது. யாம் கூறுவது இப்பிந்திய வகையைப் பற்றியது. பேரிங்கிற்கு வெளிப்புறத்தே சீல் உளது. மெல்லிய ரப்பர் உதடு ஒன்றும், அதனை இறுக்கும் நுண்ணிய கம்பிச் சுருளுமே சீல் எனப்படுவது. அவ்வுதட்டிற்கு அப்பால் இருப்பது பிரேக்.

ஆதலின் உதடு தவறினால் எண்ணெய் சென்று சேருமிடம் பிரேக்கே. எண்ணெய் ஊறிய பிரேக் பற்றுவதில்லை. ஒருபுறம் பற்ற, மறுபுறம் வழுக்க, ஈரமான சாலையில் வண்டி பக்கவாட்டில் இழுபடும். சக்கரத்தின் உட்புறத்தே காணும் சிறு கறையை அலட்சியம் செய்தலாகாது என்பது இதனாலேயாம். எனினும், கறை கண்டவுடன் அச்சைக் குறை கூறலும் முறையன்று. தடித்துக் கந்தக நாற்றம் வீசுமாயின் அது பற்சக்கர எண்ணெய். நீர்த்து, வண்ணப்பூச்சை அரிக்குமாயின் அது பிரேக்கின் திரவம். பிந்தியதாயின் அச்சு குற்றமற்றது.

பற்சக்கர எண்ணெயே என்று தெளிந்தபின்னும், சீல் ஒன்றே காரணமென்று முடிவு செய்தற்கில்லை. காரணங்கள் வேறுமுள. அச்சின் மேற்புறத்தே மூச்சு விடுதற்கென ஒரு சிறு துளையுண்டு. வண்டி ஓட ஓட எண்ணெயும் காற்றும் சூடேறி விரியும். அத்துளை சேற்றால் அடைபட்டிருப்பின், விரிந்த காற்று வேறு வழியின்றிச் சீலின் வாயிலாக எண்ணெயைத் தள்ளும். எத்துணைப் புதிய சீலாயினும் இதற்கு ஆற்றாது. எண்ணெயை அளவுக்கு மிஞ்சி ஊற்றினும் அவ்வாறே. பேரிங் தேய்ந்து அரையச்சு ஆடுமாயின், உதடு அதனைப் பின்தொடர இயலாது வாய் பிளக்கும். இனி, சீல் உராயும் எஃகு வளையத்தைப் பார்க்க. மெல்லிய ரப்பரன்றோ என எண்ணற்க. பல்லாண்டு உராய்ந்த அவ்வுதடு, ஒட்டிய தூசியின் துணையால், எஃகிலே பள்ளம் பறித்து விடுகின்றது. விரல் நகத்தால் தடவினால் அப்பள்ளம் தட்டுப்படும். அவ்வளையத்தைக் கழற்றி மாற்றலாம்; மாற்றாது விட்டாலோ, புதிய உதடு பழைய பள்ளத்திலேயே சென்று அமரும்.

பண்டைக் காலத்து உப்பு வணிகர் தம் வண்டியின் கீழே சேமவச்சு ஒன்றைக் கட்டிச் சென்றனர் என்பது புறநானூற்றால் அறியப்படும் செய்தி. அச்சு முறிதல் அவர்கட்கு எதிர்பார்த்த இடர். இக்காலத்து வண்டிக்குச் சேமச்சக்கரம் உண்டு, சேமவச்சு இல்லை.

இனிச் செய்முறை. சக்கரத்தைக் கழற்றி, வண்டியை ஜாக்கியின்மேல் மாத்திரம் நிறுத்தாது உறுதியான முட்டுகளின்மேல் நிறுத்துக. ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, மற்றொருவர் ஆணியை நீக்கி நடு நட்டைத் தளர்த்துக. பின்னர்ப் பிரேக் டிரம்மை எடுக்கலாம். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருத்தல் கூடும். அத்தூசியை ஊதுதல் நுரையீரலுக்குத் தீங்கு. ஈரத்துணியால் துடைத்தெடுத்தல் வேண்டும். ஹப்பை இழுத்து, பிரேக் குழாயைப் பிரித்து, பின்தட்டின் நான்கு போல்ட்டுகளையும் நீக்கினால், அரையச்சைப் பேரிங்கோடு வெளியே இழுக்கலாம். இதற்குத் தண்டொன்றில் கனத்த இரும்பு வழுக்கியோடி மோதும் கருவி உதவும்.

தண்டை இறுகப் பற்றிய பழைய பேரிங்கை நீக்கவும், புதியதை ஏற்றவும் பிரஸ் உள்ள பட்டறைக்குச் செல்லுதலே நன்று. சுத்தியலால் ஏற்றுவோர் உளர். வெளிவளையத்தில் அடிக்கும் அடி முழுதும் குண்டுகளின் வழியே உள்வளையத்திற்குச் செல்கின்றது. செல்லும் வழியில் குண்டோடும் தடத்திலே நுண்ணிய குழிகளை இட்டுப் போகின்றது. அவ்வண்டி முதல் நாளே முனகத் தொடங்கும். தண்டிலே ஏற்றுங்கால் உள்வளையத்தையே அழுத்துக. குழலிலே செலுத்துங்கால் வெளிவளையத்தை. புதிய சீலின் உதடு எண்ணெயை நோக்கியிருத்தல் வேண்டும்; உலர்ந்த உதடு முதற் சுழற்சியிலேயே கருகுமாதலின், முன்னரே அதில் எண்ணெய் தடவுக.

நடு நட்டை 150 அடி-பவுண்டு அளவு முறுக்குக. ஆணித் துளை ஒத்துவரவில்லையெனில் இன்னும் சிறிது முறுக்குவதன்றி, ஒருகாலும் தளர்த்தற்க. பிரேக் குழாயினுட் புகுந்த காற்றை வெளியேற்றி, வண்டியைச் சமநிலத்தில் நிறுத்தி, அச்சின் எண்ணெயை அடைப்புத் துளையின் விளிம்பு மட்டும் ஊற்றுக. எண்ணெய் ஊறிய லைனிங்கைக் கழுவி மீண்டும் மாட்டுவது வீண் சிக்கனம். துடைத்தபின் உலர்ந்தாற் போலத் தோன்றினும், சூடேறியதும் உள்ளிருந்து எண்ணெய் ஊறி வரும். ஒருபுறத்து லைனிங்கை மாற்றினால் மறுபுறத்ததையும் உடன் மாற்றுக.