குலுக்கைக்குள் நொச்சி

வன்னியம்பட்டி பக்கம் கம்பும் சோளமும் களத்திலிருந்து நேரே வீட்டுக்கு வந்த காலத்தில், தானியம் குலுக்கை என்ற மண் குதிரில் கிடந்தது. நன்றாகக் காயவைத்த தானியத்தோடு நொச்சி இலையைக் கலந்து போடுவார்கள். இலையை நிழலில்தான் உலர்த்துவார்கள். வெயிலில் போட்டால் அதிலுள்ள எண்ணெய் பறந்துவிடும். குலுக்கையின் வாயைச் சாணியும் மண்ணும் குழைத்துப் பூசிவிட்டால் வாடை வெளியே போகாது, வண்டு எளிதில் அண்டாது. பயறுக்கு வசம்பு, துவரைக்குச் செம்மண் கட்டு.

நொச்சி இலையின் அடிப்புறம் வெளிறியிருக்கும். அதிலுள்ள கண்ணுக்குத் தெரியாத சுரப்பிகள் கசக்கினால் உடையும். நெடி சட்டென்று மூக்கில் ஏறும். சினியோல், சபினீன், காரியோபிலின் என்று பல வேதிப்பொருள்கள் சேர்ந்த நெடி அது. ஓட முடியாத செடி, தின்ன வருவதை விரட்டத் தனக்காகச் சேர்த்துவைத்த சரக்கு. ஆடுகூட அவ்வளவாக வாய் வைக்காது. அதனால்தான் நொச்சி வேலியானது. மக்காச்சோளமோ, வேரைப் புழு கடித்தால் இதே காரியோபிலினை மண்ணுக்குள் விட்டு, அந்தப் புழுவைக் கொல்லும் நூற்புழுக்களை வரவழைக்கிறது. 2005இல் இதைக் கண்டறிந்தவர்கள், வட அமெரிக்க ரகங்கள் பல இந்தத் திறனை இழந்துவிட்டதையும் கண்டார்கள்.

இங்கே நாம் இழந்தது வேலியை. இன்று கல்லுக்காலும் கம்பியும் நிற்கின்றன. விளைந்தது களத்திலேயே வியாபாரியிடம் போகிறது. கிட்டங்கியில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை பாஸ்பீன் வாயுவைக் கக்குகிறது. அந்த வாயுவுக்கும் தாக்குப்பிடிக்கும் வண்டுகள் வந்துவிட்டன. மாலையில் நொச்சிப் புகை போட்ட வீடுகளில் கொசுவத்தி. 2012இல் சென்னை மாநகராட்சி கொசுவுக்காக நொச்சிக் கன்று வளர்க்கப் புறப்பட்டபோது எனக்கு மகிழ்ச்சியும் வருத்தமும் சேர்ந்தே வந்தன.

நொச்சியைப் போலவே மற்றச் செடிகள் சேர்த்த சரக்கும் நமக்கு உதவுகிறது: திருவில்லிபுத்தூர் நந்தவனத்துத் துளசியில் இருக்கும் நெடிப்பொருளான யூஜெனால் கிராம்பிலும் உண்டு. பல் மருத்துவர் அதைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துச் சொத்தைப் பல்லில் அடைக்கிறார்.

ஆனால் வசம்பு விஷயத்தில் நம் பாட்டிமார் வழியை நான் அப்படியே ஏற்கமாட்டேன். பூச்சியை மலடாக்கும் பீட்டா அசரோன் அதில் இருக்கிறது. எலிகளுக்குக் கட்டி வரவழைத்ததால் அமெரிக்கா 1968இலேயே உணவில் வசம்பைத் தடைசெய்தது. பயறு டப்பாவில் போடுங்கள், பச்சைக் குழந்தையின் நாக்கில் தடவ வேண்டாம். நொச்சியைக் கட்டாயம் வையுங்கள்: ஐப்பசி மழைக்கு முன் விரல் கனத்தில் ஒரு குச்சியை வெட்டி வாய்க்கால் ஓரம் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும்.