வார்டில் கைப்பேசி நீளும்போது

அம்பாங்கானிலிருந்து சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்குப் போகிறவர்கள், வார்டில் கட்டிலைச் சுற்றி நிற்கும் இளைஞர்களைப் பார்த்திருப்பார்கள். சிலர் பயிற்சி மருத்துவர்கள். சிலர் இன்னும் மாணவர்கள். ஐஎம்யூ பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பயிற்சிப் பள்ளியும் மருத்துவமனை இருக்கும் அதே ஜாலான் ராசாவில்தான் இருக்கிறது. நோயாளியைப் பார்க்காமல் யாரும் மருத்துவராக முடியாது. நம் தோட்டத்துப் பெரியவர்களின் இனிப்புநீர்க் கால்புண்ணும் அவர்களுக்குப் பாடம்தான். ஆனால் இப்போது அந்தப் பாடம் கைப்பேசிக்குள்ளும் போகிறது.

இணையவழிக் கல்வியை நான் குறை சொல்லவில்லை. 2013-இல் கனடாவில் தொடங்கிய ‘ஃபிகர் 1’ செயலியில், முகத்தை மறைத்த படங்களை வைத்து மருத்துவர்கள் கலந்து பேசுகிறார்கள். நள்ளிரவில் ஓர் எக்ஸ்ரே படத்தைப் புலனத்தில் அனுப்பி நிபுணரின் கருத்தைக் கேட்பது உயிரைக் காக்கவும் கூடும். சிகிச்சைக்காக மருத்துவர்கள் தமக்குள் பகிர்வது வேறு, நண்பர் குழுவிலோ முகநூலிலோ போடுவது வேறு.

“பெயர் போடவில்லையே” என்பார்கள். அது போதாது. படத்தின் ஓரத்தில் மணிக்கட்டுப் பட்டை தெரிந்தால், அதிலுள்ள அடையாள அட்டை எண்ணே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். முதல் 6 இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், நெகிரி செம்பிலானுக்கு 05. கடைசி இலக்கம் இரட்டைப்படை என்றால் பெண். எக்ஸ்ரேயின் மூலையிலும் பெயரும் எண்ணும் அச்சாகியிருக்கும். எல்லாவற்றையும் மறைத்தாலும், கையில் குத்திய பச்சையைப் பார்த்து, “இது நம்ம அக்கா கையாச்சே” என்று தோட்டத்தில் யாராவது சொல்லிவிடுவார்கள். எடுத்தவர் பகிராவிட்டாலும், சில கைப்பேசிகள் படத்தைத் தாமாகவே இணையச் சேமிப்பில் ஏற்றிவிடுகின்றன.

ஆகவே கேளுங்கள்: எதற்கு இந்தப் படம்? யார் பார்ப்பார்கள்? எங்கே இருக்கும்? அறுவை சிகிச்சைக்குப் போட்ட கையெழுத்து, சமூக ஊடகத்தில் பகிர்வதற்கான சம்மதம் ஆகாது. படம் வேண்டாம் என்றோ மாணவர் சோதிக்க வேண்டாம் என்றோ நீங்கள் மறுத்தால், அதற்காகச் சிகிச்சையைக் குறைக்கக் கூடாது. மலாயிலோ ஆங்கிலத்திலோ சொன்னது புரியாவிட்டால், தலையாட்டிவிடாமல் தமிழில் விளக்கும் ஒருவரை அழைக்கச் சொல்லுங்கள். பெரிய டாக்டரிடம் எப்படிக் கேட்பது என்று நம் அம்மாக்கள் கூச்சப்படுவதுதான் எனக்குப் பெரிய கவலை. கூட இருக்கும் பிள்ளைகளாவது கேட்க வேண்டும்.

மீறிப் பகிர்ந்துவிட்டால், முதலில் திரைப்பிடிப்பு எடுத்துத் தேதி, இணைப்பு, கணக்குப் பெயரைக் குறித்துவையுங்கள். அழித்துவிட்டால் ஆதாரம் இருக்காது. பலர் தடுமாறுவது, எங்கே புகார் செய்வது என்ற அடுத்த கட்டத்தில்தான். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தகவலுக்கு வெளிப்படையான சம்மதம் கேட்கிறது. அதன் கோட்பாடுகளை மீறினால் 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதம் என்று 2024 திருத்தம் உயர்த்தியது. ஆனால் மத்திய, மாநில அரசுகளை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. தனியார் மருத்துவமனை என்றால் தரவுப் பாதுகாப்புத் துறைக்குப் போகலாம். அரசு மருத்துவமனை என்றால் அதன் நிர்வாகத்திடமும், சுகாதார அமைச்சின் ‘சிஸ்பா’ புகார் முறையிலும் முறையிட வேண்டும்.

பகிர்ந்தவர் யார் என்பதும் முக்கியம். மருத்துவர், பயிற்சி மருத்துவர் என்றால் மலேசிய மருத்துவ மன்றத்திற்கு எழுதலாம். மருத்துவர் பதிவையே ரத்துசெய்யும் அதிகாரம்கூட அதற்கு உண்டு. மாணவர் அந்த மன்றத்தில் பதிவு பெற்றவர் அல்லர். புகார் அவருடைய பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். அந்தரங்கப் படம் என்றால் காத்திருக்காமல் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். படத்தை நீக்க, அது வெளியான தளத்திலும், தொடர்பு பல்லூடக ஆணையத்திலும் முறையிடலாம்.

நோயாளி இறந்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். இறந்த பிறகும் நோயாளியின் இரகசியத்தைக் காப்பதாகச் சொல்கிறது, உலக மருத்துவச் சங்கத்தின் ஜெனீவா உறுதிமொழி. தந்தையின் கடைசி நாள் படம் ஒரு குழுவில் சுற்றினால், பிள்ளைகள் அதைச் சுட்டிக்காட்டிப் புகார் எழுதலாம்.