காட்டுக்குள் ஒரு தொழில் நகரம்

சாக்சி, சுவர்ணரேகை ஆற்றருகே காடு சூழ்ந்திருந்த சிற்றூர். இன்று அது ஜாம்ஷெட்பூர் நகரின் ஒரு பகுதி. 1907இல் தொடங்கப்பெற்ற டாடா இரும்பு எஃகு நிறுவனம் அங்கே ஆலை அமைத்தது. இரும்புக் கனிமமும் நீரும் எட்டும் தொலைவில் இருந்தன. தொழிலறிந்த ஆட்களோ இல்லை. தொலைவிலிருந்து வருவோர், கூலி ஒன்றுக்காகவே குடும்பத்தோடு காட்டில் தங்குவார்களா?

இவ்வினாவை ஜாம்ஷெட்ஜி டாடா முன்பே எண்ணிப் பார்த்திருந்தார். ஆலைக்கு இடம் முடிவாகாத 1902இலேயே தம் மகன் தோராப்ஜிக்கு மடல் எழுதினார். நிழல்மரங்கள் நிறைந்த அகன்ற தெருக்கள், பூங்காக்கள், கால்பந்துத் திடல்கள், எல்லாச் சமயத்தாருக்கும் வழிபாட்டிடங்கள் ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்குமாறு அதில் அறிவுறுத்தினார். 1904இல் மறைந்த அவர், ஆலையையும் காணவில்லை, ஊரையும் காணவில்லை.

நிறுவனம் 1912இல் எட்டு மணிநேர வேலைமுறையைக் கொணர்ந்தது. 1917இல் தொழிலாளர் பிள்ளைகளின் கல்விக்கு வகைசெய்தது. பெற்றோரை அவ்வூரில் வேரூன்றச் செய்தது பெரும்பாலும் பள்ளிக்கூடமாகவே இருந்திருக்கும். 1920இல் ஊதியத்துடன் கூடிய விடுப்பும் வருங்கால வைப்புநிதியும் வந்தன. இவற்றைச் சட்டம் கட்டாயமாக்கியது பின்னரே.

ஆயினும் எல்லாம் இனிதே நடந்தன என்று எண்ணிவிடலாகாது. 1920இலும் 1928இலும் அங்கே பெரும் வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன. நிழல்மரம் ஊதிய உயர்வுக்கு ஈடாகுமா? 1934இல் இலாபத்தில் ஒரு பங்கு ஊக்கத்தொகையாகத் தொழிலாளர்க்கும் கிடைக்கலாயிற்று. இன்றைய மென்பொருள் நிறுவனங்கள் பணியாளர்க்குத் தம் பங்குகளையே அளிப்பதும் இவ்வழியில் வருவதே.