உயிரணுக்கள் விடுக்கும் நுண்பைகள்
வியாதியை அறிதற்கும் தீர்த்தற்கும் அவற்றின் உபயோகம்

ஆடு வளர்ப்பதால் உண்டாகும் லாபங்களைக் கூறுங்கால் எரு, உரோமம், பால், இறைச்சி என்பவற்றையே எண்ணுவது வழக்கம். ஆட்டின் இரத்தத்தை ஆராய்ந்ததனால் மனிதரின் வியாதிகளை அறிவதற்குப் புதியதொரு வழி திறந்திருக்கிறது என்பதைப் பலர் அறியார். அதன் விவரத்தையும், அதன் பெயரால் நடைபெறும் வியாபாரத்தில் குடியானவர்கள் கவனிக்க வேண்டுவனவற்றையும் இங்கே சுருக்கமாகக் கூறுவோம்.

கானடா தேசத்தில் மான்ட்ரியால் நகரத்து மக்கில் சர்வகலாசாலையில் ரோஸ் ஜான்ஸ்டன் என்னும் அம்மையார், செம்மறியாட்டின் இளஞ்சிவப்பணுக்கள் எவ்வாறு முதிர்கின்றன என்று ஆராய்ந்தார். இவ்விளம் அணுக்களின் மேற்புறத்தில், இரும்புச் சத்தைப் பற்றி உள்ளே இழுக்கும் ஒருவகைப் புரதம் உண்டு. அணு முதிர்ந்தபின் அது காணப்படுவதில்லை. அஃது எங்கே போகிறது என்பதே கேள்வி. சின்னஞ்சிறு பைகளில் அடங்கி அணுவினின்று வெளியே தள்ளப்படுகிறது என்பதை 1983-ம் வருஷத்தில் அவரும் அவருடன் உழைத்தவரும் வெளியிட்டனர். அதே வருஷத்தில் அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரில் பிலிப் ஸ்டால் என்பவரும் அவர் துணைவரும் எலியின் இரத்தத்தில் இதனையே கண்டனர். இத்தகைய பைகளுக்கு எக்ஸோசோம் என்ற பெயர் வழங்கலாயிற்று.

இவை மிக நுண்ணியவை. ஒரு மில்லிமீட்டரைப் பதினாயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே இவற்றின் பருமன். பாலினின்று வெண்ணெய்ச் சத்தைப் பிரிக்கும் சுழல் யந்திரத்தை நம்மவர் பார்த்திருப்பர். அதே தத்துவத்தில், பூமியின் ஈர்ப்பைப் போல் 1,00,000 மடங்கு விசை உண்டாகும்படி சுழற்றி இப்பைகளைப் பிரித்தெடுக்கின்றனர்.

முதலில் இவற்றை, உயிரணு தனக்கு வேண்டாதவற்றை வெளியே கொட்டும் குப்பை என்றே பலரும் எண்ணினர். 2007-ம் வருஷத்தில் ஸ்வீடன் தேசத்துக் கோதன்பர்க் நகர ஆராய்ச்சியாளர் இக்கருத்தை மாற்றினர். புரதம் செய்வதற்குரிய கட்டளையைத் தாங்கும் ஆர். என். ஏ. என்னும் பொருள் இப்பைகளில் இருப்பதை அவர்கள் கண்டனர். சுண்டெலியின் அணுக்கள் விடுத்த பைகளை மனித அணுக்களில் சேர்த்தபோது, மனித அணுக்களில் சுண்டெலிப் புரதங்கள் உண்டாயின. ஆகவே குப்பை எனத் தோன்றியது, ஓர் அணு மற்றோர் அணுவுக்கு விடுக்கும் ஓலையாகவும் இருத்தல் கூடும் என்பது விளங்கிற்று.

வியாதியுற்ற அணு விடுக்கும் பையில் அவ்வியாதியின் அடையாளம் இருக்கும். இப்பைகள் இரத்தத்திலும் சிறுநீரிலும் கலந்து வருவதால், உடலை அறுக்காமலே உள்ளே நடப்பதை அறிய இடமுண்டு. ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருக்கக்கூடுமா என்று சிறுநீரிலுள்ள பைகளைக் கொண்டு மதிப்பிடும் பரிசோதனை, 2016-ம் வருஷத்தில் அமெரிக்காவில் வழக்கத்திற்கு வந்தது. ஊசியால் சதை எடுத்துப் பார்ப்பது அவசியமா என்று தீர்மானிக்க இது வைத்தியருக்கு உதவும். நோய் உண்டு என்று இது மாத்திரம் முடிவு கூறாது. இதிலுள்ள கஷ்டம் யாதெனில், நல்ல அணுக்களின் பைகளே எங்கும் மிகுதி. நெற்குவியலில் ஒருசில களை விதைகளைத் தேடுவதை இது ஒக்கும்.

நுண்ணுயிர்களும் இத்தகைய பைகளை விடுக்கின்றன. மூளையின் உறையைத் தாக்கும் ஒருவகைக் கொடிய சுரம் நியூஸிலாந்து தேசத்தில் 1991-ம் வருஷம் முதல் பரவிற்று. அந்நுண்ணுயிரின் மேலுறைப் பைகளைக் கொண்டே தடுப்பு மருந்து செய்து, 2004-ம் வருஷம் முதல் பத்து லட்சத்திற்கு மேற்பட்ட இளம் வயதினருக்குக் குத்தினர். அப்பைகளையும் ஓர் அங்கமாகக் கொண்ட தடுப்பு மருந்தைப் பிரிட்டன் 2015-ம் வருஷத்தில் கைக்குழந்தைகளுக்கு அளிக்கத் தொடங்கிற்று. பசுவின் பாலிலும் இப்பைகள் ஏராளம். அவற்றில் மருந்தை அடைத்து வாய்வழியே கொடுக்கலாகுமா என்ற ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது.

இவ்வளவு நன்மை கருதப்படும் பொருளின் பெயரை வியாபாரிகள் சும்மா விடுவார்களா? மூட்டுவலி முதலியவற்றிற்கு எக்ஸோசோம் ஊசி என்று விற்போர் பல தேசங்களில் தோன்றியுள்ளனர். நெப்ராஸ்கா மாகாணத்தில் இத்தகைய மருந்தால் நோயாளிகள் சிலர் கடுந்தீங்கு அடைந்தபின், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2019 டிஸம்பரில் எச்சரிக்கை வெளியிட்டது. எக்ஸோசோம் மருந்து எதற்கும் தான் அனுமதி அளிக்கவில்லை என்றும் அதில் தெளிவாகக் கூறிற்று.

பெயர் தெரியாத விதையை, முளைப்புத்திறன் பாராமல் வயல் முழுவதும் விதைப்பவர் இல்லை. உடம்பின் விஷயத்திலும் அவ்வளவு கவனமேனும் வேண்டும். ஆதலின் இவ்வூசியைப் போட்டுக்கொள்ளச் சொல்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: இம்மருந்து எதனினின்று எடுக்கப்பட்டது? எந்த வியாதிக்கு இதைக் கொடுக்க அரசாங்கம் அனுமதித்திருக்கிறது? எத்தனை நோயாளிகளிடம் முறைப்படி பரிசோதிக்கப்பட்டது? எழுத்து மூலமாகத் தக்க விடை கிடையாவிடின், பணத்தை மடியிலேயே முடிந்துகொண்டு அரசாங்க ஆஸ்பத்திரி வைத்தியரை நாடுவதே நலம்.