கறுப்பு பெயின்டின் ஆழம்

வண்டியும் வீதியும் – 14

சென்ற வாரம் தகட்டுக்கு அடியிலிருந்து கிளம்பும் துருவைப் பார்த்தோம். இந்த வாரம் தகட்டுக்கு மேலே, பளபளப்புக்கு வருவோம்.

ஷோரூமிலிருந்து வந்த புதுக் கறுப்பு காரை இரவில் பெட்ரோல் பங்க் வெளிச்சத்தில் நிறுத்திப் பாருங்கள். கூரையில் எரியும் விளக்கு பானெட்டில் ஓரம் பிசிறாமல் அப்படியே விழுந்திருக்கும். பெயின்ட் அந்த விளக்குக்கும் கீழே, எங்கோ ஆழத்தில் இருப்பதாகத் தோன்றும். இரண்டு வருடம் கழித்து அதே வண்டி, அதே பங்க். விளக்கு தெரியும். ஆனால் அதைச் சுற்றி வட்டம் வட்டமாக மெல்லிய கீறல்கள் பின்னிக் கிடக்கும். கறுப்பு சாம்பல் பூத்திருக்கும். "பெயின்ட் மங்கிடுச்சு சார், ஒரு கோட்டிங் போட்டா சரியாயிடும்" என்பார்கள். பெரும்பாலும் அந்தப் பெயின்ட் கொஞ்சமும் மங்கியிருக்காது. மேலே எதைப் பூசினாலும் போன ஆழம் திரும்பாது. இது தெரியாமல் ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு ஆறே மாதத்தில் முகம் வாடி நிற்பவர்களைப் பார்த்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஆலையில் காரின் கூட்டை முதலில் பெயின்ட் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, மூலை முடுக்கெல்லாம் ஒரு படலம் ஏற்றுகிறார்கள். துருவுக்குக் காவல் அதுதான், சுமார் 20 மைக்ரான். அடுத்து பிரைமர். அதன்மேல் நிறம், 15 மைக்ரானை ஒட்டி. கடைசியில் நிறமே இல்லாத கிளியர் கோட், 40 மைக்ரானை ஒட்டி. எல்லாம் சேர்ந்து பொதுவாக 100 முதல் 130 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் 70 மைக்ரான் அளவுக்கு இருக்கும். வெயிலும் மழையும் துணியும் படுகிற அந்தக் கிளியர் கோட் ஒரு முடியைவிட மெல்லியது. வண்டி வாழும் காலம் முழுவதற்கும் கிடைத்த முதல் அவ்வளவுதான்.

இப்போது ஒளி. நேராக விழும் வெளிச்சத்தில் 4 சதவீதம் அளவுக்குத்தான் கிளியர் கோட்டின் மேற்பரப்பு திருப்பி அனுப்புகிறது. மீதி உள்ளே போகிறது. கறுப்பில் அதை நிறம் விழுங்கிவிடும். ஆக, கண்ணுக்கு வருவது அந்தச் சிறு பங்கு மட்டுமே. மேற்பரப்பு மட்டமாக இருந்தால் அது ஒரே திசையில் திரும்பி, விளக்கு விளக்காகவே தெரியும், சுற்றிலும் கருமை நிற்கும். இந்த வித்தியாசத்தைத்தான் நம் கண் ஆழம் என்று எடுத்துக்கொள்கிறது. கீறல் விழுந்தால் ஒளி நாலாபக்கமும் சிதறி அந்தக் கருமைக்குள் புகுந்துவிடும். வெள்ளை வண்டியிலும் இதே கீறல்கள் உண்டு. ஆனால் வெள்ளை நிறமே உள்ளிருந்து ஏகப்பட்ட வெளிச்சத்தைச் சிதறவிடுவதால் அவை அதில் மறைந்துபோகின்றன.

செல்போன் டார்ச்சை பானெட்டுக்கு மேலே பிடித்து மெல்ல நகர்த்துங்கள். வட்டக் கீறல்களும் கூடவே நகரும். உண்மையில் அங்கே வட்டமே கிடையாது. எல்லாத் திசையிலும் ஓடும் பொடிக் கீறல்களில், விளக்கைச் சுற்றி வளைவதுபோல் குறுக்கே கிடப்பவை மட்டும் நம் கண்ணுக்கு ஒளியைத் திருப்புகின்றன. துடைத்தவர் கையை வட்டமாகச் சுழற்றினார் என்று அவர்மேல் பழி போடுவது நியாயமில்லை.

ஆனால் துடைத்ததால் வந்த கீறல்கள்தான் அவை. நம் ஊர்களில் விடியற்காலையில் ஒரு வாளித் தண்ணீரோடு அடுக்குமாடிக் கட்டடத்தின் பத்துப் பதினைந்து வண்டிகளையும் ஒருவரே துடைத்துவிட்டுப் போகிறார். கையில் இருப்பது பனியன் வேஸ்ட், இல்லையென்றால் பழைய துண்டு. வண்டிமேல் படிந்திருப்பது ரோட்டுப் புழுதி. அதில் பெரும்பங்கு மணல்துகள், அதாவது குவார்ட்ஸ். கடினத்தன்மையில் இரும்பைக்கூடக் கீறக்கூடியது. கிளியர் கோட்டோ ஒருவகை பிளாஸ்டிக். முதல் வண்டியின் புழுதி அந்தத் துணியிலேயே ஏறி, கடைசி வண்டிவரை பயணம் போகிறது. மாதச் சம்பளம் கொடுத்துத் தினமும் உப்புத்தாள் போடச் சொல்கிறோம். குறை அவரிடம் இல்லை. அவருக்கு வேறு துணியோ வேறு முறையோ யாரும் கொடுத்ததில்லை.

பழைய வண்டிகளின் கதை வேறு. 1920-களுக்கு முன்னால் கார்களுக்கு வார்னிஷ் பூசி, அது காய வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். டூபான்ட் நிறுவனத்தின் டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் ஜெனரல் மோட்டார்ஸின் 1924-ஆம் வருட ஓக்லாண்ட் கார்களில் வந்தபோது அந்தக் காத்திருப்பு தீர்ந்தது. நம் பெயின்டர்கள் இன்றும் டூகோ என்று சொல்வது அங்கிருந்து வந்ததுதான். அந்தக் காலப் பெயின்டில் நிறமும் பளபளப்பும் ஒரே படலம். வெயிலில் வெளுக்கும். பாலிஷ் போட்டுத் தேய்த்தால் துணியில் நிறம் ஏறும், அடியிலிருந்து புது நிறம் எழும். கிளியர் கோட் முறை 1980-களில் பரவிய பிறகு கணக்கு மாறிவிட்டது. இன்றைய வண்டியில் துணியில் நிறம் ஏறினால் கிளியர் கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று பொருள். அதற்குப் பிறகு மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை. அம்பாஸடர் காலத்து ரப்பிங் பாலிஷ் பழக்கத்தை அப்படியே இன்றைய வண்டிமேல் காட்டுகிற கடைகள் இன்னும் இருக்கின்றன என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சரியாகச் செய்யும் கடை எப்படி இருக்கும்? வானகரம் பக்கம் ஒரு டீடெய்லிங் கடையில் இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத ஒரு தம்பி வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டியைக் கழுவியாகிவிட்டது. ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டை மெதுவாகத் தடவினார். "நீங்களும் தடவிப் பாருங்க சார்" என்றார். வெறுங்கையில் வழவழப்பாக இருந்த இடம், கவருக்குள் விரல் போனதும் நறநறவென்றது. பிரேக்கிலிருந்தும் தண்டவாளத்திலிருந்தும் பறந்து வந்த இரும்புத் துகள்கள். ஒரு மருந்தைத் தெளித்தார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக் கதவில் ஊதா நிறம் கோடுகோடாக வழிந்தது. இரும்பு கரைவதன் அடையாளம் அது. நாற்றம் குடலைப் புரட்டும். மிச்சத்தைக் களிமண் போலப் பிசையக்கூடிய ஒரு கட்டியால், வழுக்கும் நீர் தெளித்து, அழுத்தாமல் எடுத்தார். இந்தக் கிளே கட்டி ஜப்பானில் பிறந்தது.

பிறகு தடிமன் பார்க்கும் கருவி. ஒவ்வொரு பாகத்திலும் நாலைந்து இடத்தில் வைத்து எண்களை மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டினார். 110, 118, 115. பின்கதவில் மட்டும் 290. "இது மறுபெயின்ட் சார், உள்ளே பட்டி இருக்கும்" என்றார். வண்டிக்காரருக்கே தெரியாத செய்தி அது.

பாலிஷ் என்பது கிளியர் கோட்டைச் சீவுவது. கீறலின் அடிமட்டம் வரைக்கும், அல்லது அதன் கூர்முனைகள் மழுங்கும் வரைக்கும், சுற்றியுள்ள பரப்பை இறக்குகிறோம். ஒருமுறை கட்டிங் போட்டாலே சில மைக்ரான் போய்விடும். வெயிலைத் தடுக்கும் வேதிப்பொருளும் அந்தக் கிளியர் கோட்டில்தான் கலந்திருக்கிறது. ஆகவே நல்ல கை முதலில் இரண்டடிச் சதுரத்தில் சோதித்துப் பார்க்கும். மிக மென்மையான பேடும் பாலிஷும் வேலை செய்தால் அதோடு நிற்கும், போதாவிட்டால்தான் அடுத்த படி. அந்தத் தம்பி பேடில் மூன்று நான்கு சொட்டுதான் வைத்தார். ஆடிக்கொண்டே சுழலும் மெஷினை மேலும் கீழும், பிறகு இடமும் வலமும், ஒவ்வொரு வரிசையும் முந்தையதில் பாதி ஏறும்படி நிதானமாக நகர்த்தினார். மடிப்பு விளிம்புகளில் டேப் ஒட்டியிருந்தது. அங்கே பெயின்ட் மெலிசு, சூடு சீக்கிரம் ஏறும். ஒரு பானெட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல். அதே வேலையை வெயிலில் நிறுத்தி, கம்பளி பேட் போட்ட ரோட்டரி மெஷினால் முக்கால் மணியில் முழு வண்டிக்கும் முடித்துத் தரும் இடங்கள் உண்டு. அன்றைக்குப் பளபளக்கும். மறுநாள் வெயிலில் அலை அலையாகக் கோடுகள் ஆடும்.

பல பாலிஷ்களில் கீறலை நிரப்பி மறைக்கும் எண்ணெய் இருக்கிறது. பணம் கொடுக்கும்முன் ஐசோபுரொபைல் ஆல்கஹால் கலந்த நீரால் ஓர் இடத்தைத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். மறைந்த கீறல் திரும்பி வந்தால் வேலை நடக்கவில்லை. இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நல்ல தொழிலாளி கேட்காமலே துடைத்துக் காட்டுவார்.

மேல்பூச்சு இதற்கெல்லாம் பிறகுதான். கார்னாபா மெழுகு பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் இலையில் கிடைப்பது. வறட்சியில் ஈரம் போகாமலிருக்க அந்த மரம் தானே பூசிக்கொள்ளும் மெழுகு அது. கறுப்புக்கு ஒரு கனிந்த மினுமினுப்பைத் தரும், நம் வெயிலுக்கும் மழைக்கும் சில வாரங்களில் தேய்ந்துவிடும். செராமிக் கோட்டிங் சிலிக்கா சார்ந்தது, சரியாகப் போட்டால் வருடக்கணக்கில் நிற்கும், அழுக்கு எளிதில் விட்டுப்போகும். ஆனால் விளம்பரத்தில் வரும் 9எச் என்பது பென்சில் அளவுகோல். வைரத்துக்கு அடுத்த கடினம் என்று நினைத்துவிடக் கூடாது. ஓரிரு மைக்ரான் படலம் கல்லையும் தடுக்காது, புழுதித் துணியையும் தடுக்காது. கீறலோடு கோட்டிங் போட்டால் கீறல் அதற்கடியில் பத்திரமாக இருக்கும்.

போர் தண்ணீர் இன்னொரு தலைவலி. சித்திரை வெயிலில் கறுப்பு பானெட்டில் விழுந்த நீர் நொடியில் காய்ந்து சுண்ணாம்பு வட்டம் விட்டுப்போகும். புதிதாக இருக்கும்போது நீர்த்த வினிகருக்கு இளகும், வாரக்கணக்கில் விட்டால் கிளியர் கோட்டை அரித்துவிடும். பறவை எச்சத்தைச் சுரண்டாதீர்கள். ஈர டிஷ்யூவைச் சில நிமிடம் போட்டு ஊறவிட்டு, தூக்கி எடுங்கள்.

இனி கழுவும் முறை. நிழலில், வண்டி ஆறிய பிறகு, முதலில் வெறும் நீரைப் பீய்ச்சிப் புழுதியை ஓடவிடுங்கள். ஷாம்பு ஒரு வாளி, கழுவும் கையுறையை அலச இன்னொரு வாளி. மேலிருந்து கீழே, சக்கரத்துக்குத் தனித் துணி. பாத்திரச் சோப்பு வேண்டாம், அது மெழுகைக் கழற்றிவிடும். தடிமனான மைக்ரோஃபைபர் துண்டை ஈரத்தின்மேல் விரித்து இழுத்தாலே நீரை உறிஞ்சிக்கொள்ளும், தேய்க்கத் தேவையில்லை. அந்தத் துண்டைக் கம்ஃபர்ட் போன்ற திரவங்களில் அலசக் கூடாது.

தினமும் துடைக்க வரும் அண்ணனிடம் நாளையே பேசுங்கள். சம்பளத்தைக் குறைக்காமல், "தினமும் கண்ணாடிகளை மட்டும் துடைங்க, வாரம் ஒருநாள் ஹோஸ் போட்டுக் கழுவிக் கொடுங்க" என்று சொல்லி, உங்கள் வண்டிக்கென்று தனியாக ஒரு கையுறையும் இரண்டு துண்டும் வாங்கிக் கொடுங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும்.

(தொடரும்)