மலைமண் – 9: சாம்பலும் நீலப்பூவும்

போன வாரம் பிரிஞ்சாங் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூடாரங்களோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் தேயிலைக் காட்டுக்குள், லயத்து வீட்டின் கொல்லைப்பக்கம்.

என் அத்தை கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, கிளம்புமுன் அவர் செய்யும் முதல் வேலை, அடுப்பில் ஆறிக் கிடக்கும் சாம்பலை அள்ளுவதுதான். பழைய மைலோ டின்னின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டுச் சல்லடையாக்கி வைத்திருந்தார். மேலே தங்கும் கரித்துண்டு மறுபடி அடுப்புக்கு. மாவுபோல் இறங்கும் சாம்பலில் ஒரு கை பாத்திரம் துலக்க; மீதி கீரைப் பாத்திக்கு. தேயிலைச் செடிப் பக்கம் ஒரு சிட்டிகைகூடப் போகாது. ஏன் என்று கேட்டால், “அதுக்கு ஆகாதுடா” என்பார். அதற்குமேல் விளக்கம் கிடையாது.

விளக்கம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் கிடைத்தது.

1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் கேமரன் மலையின் ஹாபு பக்கம் ‘போ’ (BOH) தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்த மலையில் தேயிலை வேர்பிடித்ததற்கு உயரமும் குளிரும் மட்டும் காரணமில்லை. மண்ணின் புளிப்பும் காரணம். தேயிலைக்கு பிஎச் அளவு 4.5 முதல் 5.5 வரை இருந்தால் கொண்டாட்டம். கீரைக்கும் பீன்சுக்கும் முட்டைக்கோசுக்கும் 6-க்கு மேல் வேண்டும். மண் அதிகம் புளித்தால் அதிலுள்ள அலுமினியம் கரைந்து வேரைக் கருக்கும். மணிச்சத்து மண்ணோடு பூட்டிக்கொள்ளும். தேயிலை அலுமினியத்தைத் தாங்கும், கீரை தாங்காது. போதாக்குறைக்கு, ஓயாத மழை சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக்கொண்டே போகும்.

ஆக, கடையில் உரமூட்டை வாங்கிக் கொட்டினால் கொடுத்த காசில் ஒரு பங்கு மண்ணுக்குள்ளேயே சிறைப்படும். யூரியா போட்டால் புளிப்பு இன்னும் ஏறும். அத்தையின் சாம்பல் இந்தப் புளிப்பைத்தான் முறித்தது. விறகுச் சாம்பலில் சுண்ணாம்பும் சாம்பல்சத்தும் உண்டு. (பொட்டாசியத்துக்குத் தமிழில் சாம்பல்சத்து என்று பேர் வைத்தவர் யாரோ, அடுப்பங்கரை தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.) தழைச்சத்து மட்டும் புகையோடு போய்விடும். அதற்குத்தான் காய்கறித் தோலும் வடிகட்டிய தேயிலைச் சக்கையும் இருந்தன.

அந்த விறகுக்கும் காசு கிடையாது. தேயிலையைச் சில வருடத்துக்கொருமுறை கவாத்து வெட்டுவார்கள். அந்தக் கிளைகள்தான் லயத்து அடுப்பில் எரிந்தன. தேயிலை எரிந்து கீரையானது என்று சொல்லலாம்.

இயற்கை வேளாண்மையின் முன்னோடி ஆல்பர்ட் ஹோவர்டு 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்துகொண்டு செய்ததும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். தழை, சாணம், இவற்றோடு விறகுச் சாம்பலும் மண்ணும் கலந்து அடுக்கடுக்காகப் போட்டுப் புரட்டுவது இந்தூர் முறை. குவியல் புளித்துப்போகாமல் இருக்கத்தான் சாம்பல். 1940-இல் வந்த அவருடைய புத்தகத்தில் வடவங்காளத்து காந்த்ராபாரா தேயிலைத் தோட்டத்தில் இந்த முறையில் உரம் தயாரித்த விவரம் இருக்கிறது. புத்தகம் எழுதுமுன் ஹோவர்டு ஏதாவது ஒரு லயத்துக் கொல்லையை எட்டிப் பார்த்தாரா என்பது மட்டும் என் தீராத சந்தேகம்.

பிறகு கேஸ் தோம்பு வந்தது. அத்தைக்கு இருமல் குறைந்தது, கண் எரிச்சல் நின்றது. அதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் சாம்பலும் நின்றது. தோலையும் சக்கையையும் வழக்கம்போலப் பாத்தியில் கொட்டினார், கீரை வெளுத்தது. ஊரில் எல்லாரும் சொல்வதுபோல அவரும் மண்ணுக்கு வயதாகிவிட்டது என்றார். வயதெல்லாம் இல்லை. வீட்டுக் குப்பை மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை.

இன்றைய குப்பையில் சாம்பலின் இடத்துக்கு வரக்கூடியது முட்டை ஓடு. அதில் சுமார் 95 விழுக்காடு கால்சியம் கார்பனேட், கடையில் விற்கும் விவசாயச் சுண்ணாம்பும் அதேதான். ஒரு நிபந்தனை: நொறுக்கிப் போட்டால் வருடக்கணக்கில் துண்டு துண்டாகவே கிடக்கும். கழுவிக் காயவைத்து, அம்மியிலோ பழைய மிக்சியிலோ முகப்பவுடர் பதத்துக்கு அரைக்க வேண்டும். கைக்கு நெறுநெறுவென்று பட்டால் இன்னும் ஒரு சுற்று.

மட்க வைப்பதில் இன்னொரு சிக்கல். கீழே ஈப்போவில் சின்ன வாளியில் போட்டாலும் வெயிலில் வேலை நடந்துவிடும். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேலே; ராத்திரியில் போர்வை இல்லாமல் படுக்க முடியாது. வாளிக் குப்பை அப்படியே குளிர்ந்து, ஊறி, நாறும். குவியல் தானே சூடாக வேண்டுமானால் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஏறக்குறைய ஒரு மீட்டர் வேண்டும். ஒரு வீட்டுக் குப்பையில் அது சேராது. நாலு வீடு சேர்ந்தால் சேரும். மேலே பழைய தகரம் ஒன்று கட்டாயம், இல்லாவிட்டால் சத்தெல்லாம் மழையோடு பள்ளத்துக்கு. பச்சைக் கோழி எருவைச் சேர்த்தால் விரைவில் சூடேறும், ஈயும் சேர்ந்து ஏறும். கேமரன்காரர்களுக்கு அந்த ஈயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சாம்பலையும் கோழி எருவையும் ஒன்றாகக் கலக்கவும் கூடாது. மூக்கில் ஏறும் அந்தக் காரநெடிதான் காற்றோடு போகும் தழைச்சத்து.

2015 செப்டம்பர் முதல் பகாங்கிலும் வீட்டுக் குப்பையைப் பிரித்து வைப்பது கட்டாயம். அத்தைக்கு அது செய்தியே இல்லை. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, லாரி ஓடாமல், கேமரன் விவசாயிகள் தக்காளியைக் கொட்டிய படத்தைக் காட்டியபோதுதான் அவர் முகம் மாறியது. “அடியில கொஞ்சம் மண்ணாவது போட்டாங்களா?” என்று கேட்டார்.

கொல்லையில் என்ன மிச்சமாகும் என்று கேட்பவர்களுக்கு: நாலு பாத்திக் கீரை, கொடியில் சௌசௌ, கொஞ்சம் பீன்ஸ். கருவேப்பிலை அந்தக் குளிரில் நோஞ்சானாகவே நிற்கும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பணக்காரராக முடியாது. உரமும் கீரையும் வாங்காத காசு மாதக் கடைசியில் ஒரு சமையல் எண்ணெய் பொட்டலமாகவாவது தெரியும்.

பிஎச் பார்க்கக் கருவி வாங்க வேண்டியதுமில்லை. லயத்து வாசலெல்லாம் ஹைட்ரேஞ்சியா நிற்கிறது. வெள்ளை ரகம் நிறம் மாறாது. மற்றவை புளிப்பு மண்ணில் அலுமினியத்தை உறிஞ்சி நீலமாகப் பூக்கும், சுண்ணாம்பு ஏறினால் இளஞ்சிவப்பாகும். அத்தை வீட்டு வாசலில் இருந்தது நீலம். சாம்பல் கொட்டும் மூலையில் அதே செடியின் போத்து, வருடக்கணக்காக இளஞ்சிவப்பு. சாமிக்கு எதைப் பறிப்பது என்று அவருக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் வாக்குவாதமே நடக்கும்.

கேஸ் தோம்பு வந்து சில வருடம் கழித்துப் போயிருந்தேன். மூலைச் செடியும் நீலமாகிவிட்டிருந்தது.