நாற்பத்தாறு வயதில் முதல் காலடி

பொங்கல் விழாக்களில் சிலம்பாட்டம் காண்பது தஞ்சை வட்டாரத்தாருக்குப் புதிதன்று. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் இக்கலை காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. சிறுவர் கற்கும் இதனை, சர்க்கரை நோயுள்ள நடுவயதினரும் கற்கலாமா?

மருத்துவரின் ஒப்புதலுடன், ஒன்பது வயது மகளோடு நானும் ஆசானிடம் சேர்ந்தேன். கம்பு உடனே கைக்கு வரவில்லை. முதலில் வெறுங்கையுடன் காலடிப் பயிற்சிதான். மகள் நான்கு நாளில் கற்றது எனக்கு நான்கு வாரம் பிடித்தது. பிள்ளைகள் பார்த்தவுடன் ஆடிவிடுகின்றனர். நாமோ எண்ணி எண்ணி அடி வைக்கிறோம். நெற்றியளவுக் கம்பைச் சுழற்றியபோது தோளும் மணிக்கட்டும் வலித்தன. ஆசான் வேகத்தைக் குறைத்துப் பயிற்சியைத் தொடரச் செய்தார். இன்று வயல் வரப்பில் தடுமாறாமல் நடக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் தேவை. 5 முதல் 17 வயதினருக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம்.

தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை:

• இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொள்வோர் மருத்துவரைக் கேட்டே தொடங்குக. பயிற்சியின்போது சர்க்கரை அளவு தாழக்கூடும். குளுக்கோஸ் கைவசம் இருக்கட்டும்.

• பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலுடன் ஆடுதல் கூடாது. பயிற்சி முடிந்ததும் பாதங்களில் காயம் உள்ளதா எனக் குடும்பத்தினர் பார்க்க வேண்டும்.

• நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைசுற்றல் தோன்றின் உடனே நிறுத்தி மருத்துவ உதவி நாடுக.